பதினொன்றாவது ஆள் வரும்வரை

பெருமதிப்பிற்குரிய துணைத்தலைவர் சின்ன டாக்டர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் செயற்குழு உறுப்பினர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் தலைவர் அண்ணனின் துணைவியார் அவர்களே, அவருடைய அருமை மகளே, நமது கிரிக்கெட் கழகத்தின் மூத்த உறுப்பினர்களே, தாய்மார்களே, வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருக்கும் என் ஆட்டக்காரத் தம்பிகளே! கனத்த நெஞ்சோடு உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

வராந்தா என்று சொன்னதும் சிலர் திரும்பிப் பார்க்கிறீர்கள். நன்றாகப் பாருங்கள். இங்கே கடைசி ஐந்தாறு வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. கதவுக்கு அந்தப் பக்கம் நமது அணியின் பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள், ரயில் பட்டறைக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். நான் உள்ளே வரும்போது கேட்டேன், ஏனப்பா நிற்கிறீர்கள், வந்து உட்காருங்கள் என்று. "பரவாயில்ல சார், நாங்க இங்கயே நிக்கிறோம்" என்றார்கள். அந்தப் 'பரவாயில்ல' எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதுவரை தயவுசெய்து யாராவது அந்தக் கதவைத் திறந்து வையுங்கள். ஏசி வெளியே போகிறது என்றால் போகட்டும். நன்றி.

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. மருந்துக்கடை வைத்திருப்பவன். நாற்பது வயது வரை இந்த மைதானத்தில் விக்கெட் கீப்பராகக் குனிந்து நின்றவன். விக்கெட் கீப்பர் என்பவன் யார்? ஒவ்வொரு பந்தும் தன்னிடம்தான் வரப்போகிறது என்று பயந்துகொண்டே உட்காருகிறவன். அந்தப் பயம் எனக்குப் பிறவிக் குணம். அண்ணன் என்னைக் கேலி செய்வார்: "கீப்பருக்கு மழை வந்தாலும் கவலை, வராட்டியும் கவலை." இன்று அவர் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் இன்றைக்கு என் கவலைக்குக் காரணம் இருக்கிறது, ஐயா. இந்த இரங்கல் கூட்டம் முடிந்ததும் தேநீர். தேநீர் முடிந்ததும் இதே மண்டபத்தில் பொதுக்குழு. பொதுக்குழுவில் ஒரே ஒரு தீர்மானம். அதை நினைத்துக்கொண்டே நான் இந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கிறேன். பேச்சு தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமது தலைவரை நாம் எல்லோரும் என்னவென்று அழைத்தோம்? லெவன். பெரியவர்களுக்கு லெவன், எங்களுக்கு லெவன் அண்ணன், பிள்ளைகளுக்கு லெவன் சார். அண்ணியாருக்குக் கோபம் வந்தால் அவரும் அப்படித்தான் கூப்பிடுவார் என்று அண்ணனே சொல்லியிருக்கிறார். அண்ணியார் சிரிக்கிறார், அப்படியானால் உண்மைதான். பதினொன்றாவது ஆளாக இந்தக் கழகத்துக்கு வந்தவர், ஒன்றாம் இடமான தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றச் சொன்னவர்களிடம், "அது பேரில்ல, என் சீட்டு" என்றார்.

இறந்தவரைப் பற்றிப் பேசும்போது அவரை மகானாக்கிவிடுவது நம் வழக்கம். அண்ணன் மகான் அல்லர். வாயைத் திறந்தால் வசவு. ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர், சம்மட்டிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. கேட்ச் விட்டால் வெயில் கண்ணில் அடித்தது என்பார், மேகமாக இருந்தால் மேகம் மறைத்தது என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை. ஒருவன் நன்றாக ஆடினால் அவனிடம் மட்டும் சொல்லமாட்டார், ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு அவனிடம் "என்னடா ஆட்டம் இது" என்பார். அப்படிப்பட்ட மனிதர். ஆனால் அவர் இருந்த வரையில் எனக்கு இந்தக் கழகத்தைப் பற்றிய கவலை வந்ததில்லை. அந்தக் கவலையையும் சேர்த்து அவரே பட்டுக்கொண்டிருந்தார் என்று இப்போதுதான் தெரிகிறது.

இளைஞர்களுக்குத் தெரியாத ஒரு வரலாற்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. இந்தக் கழகத்தை வெள்ளைக்காரர்கள் தொடங்கினார்கள். மேடும் பள்ளமுமாக இருந்த நிலத்தைச் சமப்படுத்தியவர்கள் பட்டறைக் கூலிகள். அதோ சுவரில் படம் மாட்டியிருக்கிறது, பாருங்கள். பத்துத் துரைமார்கள் நாற்காலியிலும் படியிலும் அமர்ந்திருக்கிறார்கள். ஓரத்தில், சட்டகத்துக்குள் பாதி வெளியே பாதியாக ஒருவர் நிற்கிறார். அவர்தான் பதினொன்றாவது ஆள். வெயில் ஏறினால் துரைமார்களால் ஓடிவந்து பந்து வீச முடியாது. அதற்கு ஒரு கறுத்த ஆள் வேண்டியிருந்தது. பட்டறையிலிருந்து ஒருவரைப் பிடித்துக்கொண்டார்கள். பத்துப் பேரும் ஓர் ஆளும், அதுதான் அணி.

பந்து வீசச் சிக்கல் இல்லை. அவர் மைதான உருளையை நிறுத்தும் கொட்டகைப் பக்கமாக எல்லைக் கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் வருவார், வீசுவார், அதே வழியாகப் போய்விடுவார். மட்டை பிடிக்கும்போதுதான் சிக்கல். மட்டை பிடிக்கப் போகிறவர் இந்த முன்படிகளில் இறங்கித்தான் போகவேண்டும் என்பது அவர்களுடைய சம்பிரதாயம். முன்படிக்கு வர இந்த மண்டபத்தைக் கடக்கவேண்டும். இந்த மண்டபத்துக்குள் அந்த ஆளை விடமுடியாது. என்ன செய்தார்கள்? சம்பிரதாயத்தை மாற்றினார்களா? மண்டபத்தைத் திறந்துவிட்டார்களா? இல்லை ஐயா, இல்லை! ஒன்பதாவது விக்கெட் விழுந்ததும் ஆட்டத்தை முடித்துக்கொண்டார்கள். முதலில் ஆடினால், எடுத்த ரன் போதும் என்று டிக்ளேர். இரண்டாவதாக ஆடினால், இன்னும் எத்தனை ரன் தேவைப்பட்டாலும் சரி, கேப்டன் படியிறங்கிப் போய்த் தோல்வியை ஒப்புக்கொண்டு எதிரணிக் கேப்டனுக்குக் கை கொடுத்துவிடுவார். தோற்றாலும் தோற்போம், அந்த ஆள் இந்தத் தரையில் கால் வைக்கக்கூடாது.

வெள்ளைக்காரர்கள் கப்பலேறினார்கள். நம்மவர்கள் வந்தார்கள். டாக்டர்கள், வக்கீல்கள், பெரிய வியாபாரிகள். நாற்காலியில் இருந்த பத்துப் பேரின் நிறம் மாறியது. ஓரத்தில் நின்றவர் அதே பட்டறையிலிருந்து வந்தார், அதே கொட்டகையில் உட்கார்ந்தார். ஒன்பதாவது விக்கெட் விழுந்ததும் ஆட்டம் முடிவதும் தொடர்ந்தது. அதற்குள் ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது! ஆண்டுவிழாவில் அதைப் பெருமையாக வேறு பேசுவார்கள். கடைசி விக்கெட்டுக்காக எதிரணியைக் காக்க வைக்காத பெருந்தன்மை நமது கழகத்துக்கே உரியது என்று. நானே கைதட்டியிருக்கிறேன், எல்லோரும் தட்டினோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியே ஊரைவிட்டுப் போய்விட்டது, பூசாரி மட்டும் விடாமல் காவல் காத்தார்.

அப்படிப்பட்ட காலத்தில்தான் லெவன் அண்ணன் வந்தார். வேகப் பந்துவீச்சு என்றால் அது வேகம். என் விரல்களைப் பாருங்கள், வளைந்து கிடக்கும் இந்த மூன்றும் அவருடைய கையெழுத்து. பந்துவீச்சு தவிர அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அவுட்டாகி வருகிற ஒவ்வொருவரும் படிக்குக் கீழே அவரிடம் மட்டையையும் கையுறையையும் கால்காப்பையும் கழற்றிக் கொடுத்துவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். அவர் அவற்றைச் சுமந்துகொண்டு பின்பக்கமாகச் சுற்றிப்போய், சமையலறையை ஒட்டிய சாமான் அறையில் வைக்கவேண்டும். சாமான் அறை வரையில் அவர் போகலாம். அதற்கு அடுத்த கதவு இந்த மண்டபம்.

இப்போது அந்தக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன். வெளியூர் அணி. நாம் இரண்டாவதாக ஆடுகிறோம். கொஞ்சம் ரன்தான் வேண்டும், ஆனால் விக்கெட்டுகள் மளமளவென்று விழுகின்றன. ஒரு பக்கம் நான் நிற்கிறேன். மறுபக்கம் நமது கேப்டன், பெரிய டாக்டர். நம் துணைத்தலைவரின் தகப்பனார். நல்ல மனிதர், கைராசிக்காரர், இந்த ஊரில் பாதிப் பேரைப் பிழைக்க வைத்தவர். அவர் ஒரு மோசமான அடி அடித்து அவுட்டானார். அது ஒன்பதாவது விக்கெட்.

டாக்டருக்குத் தன்மேலேயே கோபம். படிக்குக் கீழே அண்ணன் நிற்கிறார், வழக்கம்போல. டாக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் மட்டையைக் கொடுத்தார், கையுறையைக் கொடுத்தார், கால்காப்பை அவிழ்த்துக் கொடுத்தார். பழக்க தோஷம்! அதுதான் இந்தக் கழகத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய பிழை. கடைசி ஆட்டக்காரர் மைதானத்துக்குப் போக என்னவெல்லாம் வேண்டுமோ அதையெல்லாம் நமது கேப்டனே தன் கையால் எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டார். அண்ணன் அவற்றை வாங்கிக்கொண்டு பின்பக்கமாகப் போனார்.

டாக்டர் தண்ணீர் குடித்தார், முகம் கழுவினார், கை கொடுப்பதற்காக எழுந்து படியிறங்கத் தொடங்கினார். நான் நடு மைதானத்தில் நிற்கிறேன், ஆட்டம் முடிந்தது என்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். அப்போது எதிரணிக் கேப்டன் என்னிடம், "என்னங்க, உங்க அடுத்த ஆள் வர்றாரு, உங்க கேப்டன் எதுக்கு வர்றாரு?" என்றார். பாவம், அவருக்கு நமது பெருந்தன்மையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நான் திரும்பிப் பார்த்தேன். இந்தக் கதவு. இதே வராந்தாக் கதவு. திறந்திருந்தது. லெவன் அண்ணன் கால்காப்பு கட்டி, மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். தன் முள்பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறார். கட்டைவிரல் தெரிகிற கிழிந்த காலுறையோடு இந்த மண்டபத்தைக் கடந்து வந்திருக்கிறார், தரை பாழாகக்கூடாது என்று. வந்தவர் மேல்படியில் உட்கார்ந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவசரப்படாமல் பூட்ஸைப் போட்டுக் கயிறு கட்டினார். பாதிப் படியில் நின்றிருந்த டாக்டர் அப்படியே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.  யாராவது ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். யாரும் வரவில்லை. எல்லோருக்கும் என்ன செய்வதென்றே தெரியவில்லை. அப்படி ஒன்று நடந்தால் என்ன செய்யவேண்டும் என்று வெள்ளைக்காரன் சொல்லிவிட்டுப் போகவில்லை.

அவர் நடு மைதானத்துக்கு வந்ததும் நான் கிட்டப் போனேன். என் கை நடுங்கியதை அவர் பார்த்துவிட்டார்.

"என்ன கீப்பர், குளிருதா?" என்றார்.

"அண்ணே, இனிமே உங்கள டீம்ல வச்சுக்க மாட்டாங்க" என்றேன்.

"வச்சுக்கிட்டப்ப மட்டும் நான் எங்க இருந்தேன்? போங்க, போய் அந்தப் பக்கம் நில்லுங்க."

நீங்கள் எல்லோரும் அவர் அடித்து ஜெயித்தார் என்று நினைப்பீர்கள். வெளியே அப்படித்தான் கதை உலவுகிறது. இல்லை. வாழ்நாளில் ஒரு ஆட்டத்தில்கூட மட்டை பிடிக்காத மனிதர் எப்படி அடிப்பார்? முதல் பந்து தோளில் பட்டது. அடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார், அது எங்கோ பட்டு எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போனது. அதற்கடுத்த பந்தில் ஸ்டம்ப் பறந்தது. நாம் தோற்றோம்.

ஆனால் நடந்ததைக் கேளுங்கள். நமது ஸ்கோர் பலகையில் தகர எண்களை ஆணியில் மாட்டுவோம் அல்லவா? நமது அணிக்கான விக்கெட் கட்டத்தில் ஒரே ஓர் ஆணிதான் இருந்தது. கழகம் தொடங்கிய நாள் முதல் நமக்குப் பத்து விக்கெட் விழுந்ததே இல்லையே! இரண்டு எண்ணுக்கு அங்கே இடம் வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பலகைக்காரர் ஏணியில் நின்றுகொண்டு விழிக்கிறார். பிறகு யாரோ ஓர் ஆணி கொண்டுவந்து கொடுக்க, கல்லை எடுத்து டொக்கு டொக்கென்று அடித்தார். மைதானம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. புது ஆணியில் ஒன்றும், பழைய ஆணியில் பூஜ்ஜியமும் தொங்கின. பத்து. அண்ணன் திரும்பி நடந்தவர் அதைப் பார்த்து நின்றுவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா கீப்பர், இன்னைக்குத்தான் நாம ஆல்-அவுட் ஆயிருக்கோம்" என்றார். கோப்பையை வென்றவர்களுடைய முகத்தில்கூட அந்தச் சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

செயற்குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. மண்டபத்துக்குள் ஏன் வந்தாய் என்று கேட்டார்கள். "மட்டைய உள்ள வைக்கச் சொன்னீங்க, போனேன். மைதானத்துக்குத் திரும்ப இதான் கிட்டத்து வழி" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அடுத்த பருவம் முழுவதும் நாம் அடி வாங்கினோம். நம் பந்தை எதிரணிக்காரர்கள் வெறும் கையாலேயே அடிப்பார்கள் போலிருந்தது. கடைசியில் பெரிய டாக்டரே காரை எடுத்துக்கொண்டு பட்டறைக் குடியிருப்புக்குப் போய் அவரைக் கூப்பிட்டார். அண்ணன், "வர்றேன் டாக்டர். ஆனா பதினோரு பேரும் ஆடணும்" என்றார்.  அதற்கு டாக்டர், ஒன்பதாவது விக்கெட்டோடு நாம் ஏன் நிறுத்திக்கொண்டிருந்தோம் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டாராம். அண்ணன் சொன்னார். டாக்டருக்கு அது உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. அன்று முதல் இந்தக் கழகத்தில் பதினொரு பேர் ஆடுகிறார்கள். அதை ஒப்புக்கொண்ட அந்தப் பெரிய மனிதரையும் இந்த நேரத்தில் வணங்குகிறேன், சின்ன டாக்டர் அவர்களே.

பிறகு அண்ணன் கேப்டனானதும், செயலாளரானதும், தலைவரானதும் உங்களுக்குத் தெரியும். தலைவராக இருந்து என்ன செய்தார்? பெரிய கட்டிடம் கட்டினாரா? இல்லை. கோப்பைகளைக் குவித்தாரா? ஒன்றிரண்டு, அவ்வளவுதான். அவர் செய்தது ஒன்றே ஒன்று. நமக்கு ஒன்பதாவது விக்கெட் விழுந்தால் போதும், எங்கே உட்கார்ந்திருந்தாலும் எழுந்துவிடுவார். ஜெயிக்கிற ஆட்டமாக இருந்தாலும் சரி, யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் சரி. விடுவிடுவென்று போய் இந்தக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். பதினொன்றாவது பையன் மண்டபத்தைக் கடந்து படியில் இறங்கும்வரை கைப்பிடியை விடமாட்டார். நான் ஒருமுறை கேட்டேன், "இப்ப யாரு அண்ணே தடுக்கப் போறா, எதுக்கு இவ்வளவு பதட்டம்?" என்று. அவர் கதவை விட்டுக் காட்டினார். இந்தக் கதவுக்கு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள், அது தானாக வந்து சாத்திக்கொண்டது. "யாரும் சாத்த வேண்டியதில்ல கீப்பர். புடிக்க ஆளில்லேன்னா போதும்" என்றார்.

பொதுக்குழு நாளிலும் அதே கதைதான். நமது விதிப்படி மண்டபத்துக்குள் தூக்கிய கைகளை மட்டும்தான் எண்ணுவோம். ஆட்டக்காரர்களுக்கும் ஓட்டு வாங்கிக் கொடுத்தவர் அண்ணன். ஆனால் ஓட்டு வந்ததே தவிர, அவர்களுடைய கால் வராந்தாவைத் தாண்டவில்லை. கூச்சம். நாற்காலி பெரியவர்களுக்கு என்ற நினைப்பு. ஒவ்வொரு வருடமும் அண்ணன்தான் வெளியே போய் ஒவ்வொருவராகத் திட்டி உள்ளே அனுப்புவார். யாராவது 'பரவாயில்ல' என்று சொல்லிவிட்டால் தொலைந்தான். "யாருக்குடா பரவாயில்ல? உனக்கா, அவங்களுக்கா?" என்று கேட்டுக்கொண்டே கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருவார்.

மருத்துவமனையில் கடைசியாக அவரைப் பார்த்தபோது, அவர் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பொதுக்குழு வருது கீப்பர். வெளிய போய் யாரு கூப்பிடுவா?" என்றார். நீங்களே வந்து கூப்பிடுவீங்க அண்ணே என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். "மருந்துக்கடைக்காரர் நீங்க. என் மருந்துச் சீட்டப் படிச்சிட்டுத்தானே வந்தீங்க. எங்கிட்ட எதுக்குப் பொய்?" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பந்து வீசிய அந்தக் கையில் வலு இல்லை. எனக்கு அழுகை வந்தது. அவர்தான் என்னைத் தட்டிக்கொடுத்தார்.

இரண்டே நாளில் போய்விட்டார். உடலை இங்கே அஞ்சலிக்குக் கொண்டுவந்தோம். அன்று மாலை மண்டபத்தில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சிக்காக நாற்காலிகளைப் போட்டுத் துணி கட்டியிருந்தார்கள். கழகத்தின் மேலாளர் மெதுவாக வந்து, பக்கவாட்டில் கொட்டகை வழியாகக் கொண்டுபோய்விடலாமே என்றார். அவர் மேல் தப்பில்லை, அவர் நாற்காலிகளை நினைத்தார். தூக்கி வந்தவர்களும் திரும்பத் தொடங்கினார்கள். அப்போது அண்ணனின் மகள், பேருந்து ஓட்டுகிற அந்தப் பெண், முன்னால் வந்து நின்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. "எங்கப்பா இந்த வழியாத்தான் போவாரு. நாற்காலிய நகர்த்துங்க" என்றாள். யாரும் அசையவில்லை. முதலில் குனிந்து நாற்காலியைத் தூக்கியவர் யார் தெரியுமா? நம் துணைத்தலைவர், சின்ன டாக்டர். கண் கலங்கி, சட்டை கசங்க, தன் கையாலேயே வழி பண்ணினார். நான் பார்த்தேன். அதனால்தான் உங்களிடம் உரிமையோடு பேசுகிறேன், டாக்டர்.

அந்தக் கையாலேயே நீங்கள் இன்றைய தீர்மானத்திலும் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஆட்டக்காரர்களுக்கென்று கொட்டகைப் பக்கமாகத் தனி நுழைவாயில், தனிப் படிக்கட்டு. முன்மண்டபமும் முன்படியும் உறுப்பினர் குடும்பங்களுக்கு மட்டும். நிறம் என்ற சொல் அதில் இல்லை. பணக்காரர், ஏழை என்ற பேச்சு இல்லை. பிள்ளைகளின் வசதிக்காக என்றுதான் எழுதியிருக்கிறது. யார்மீதும் எனக்கு வருத்தமில்லை. புது மரத்தரை போட்டிருக்கிறோம், முள்பூட்ஸ் பட்டால் பாழாகும் என்கிறீர்கள். ஐயா, முதல் முதலாக இந்தத் தரையைக் கடந்த மனிதர் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டுதானே வந்தார்? தரையைக் காப்பாற்றும் வழியை அன்றே அவர் காட்டிவிட்டாரே! பிறகு எதற்குத் தனிக் கதவு?

என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். செங்கல் வந்து இறங்கிவிட்டது, பக்கவாட்டில் அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். உள்ளே அமர்ந்திருக்கும் முகங்களைப் பார்த்தேன், பாதிக்கு மேல் அந்தப் பக்கம் என்று தோன்றுகிறது. எதிர்த்துத் தூக்க வேண்டிய கைகள் எல்லாம் வராந்தாவில் நிற்கின்றன. இன்னும் சில வருடங்கள் கழித்து, நமது ஆட்டக்காரர்கள் ஏன் பக்கவாட்டில் இறங்குகிறார்கள் என்று யாராவது கேட்டால், அப்போதும் ஒருவருக்கும் காரணம் தெரியாது. அதையும் பெருந்தன்மை என்று ஆண்டுவிழாவில் பேசுவார்கள். கைதட்டுவார்கள். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

லெவன் அண்ணன் விட்டுச்சென்ற பணியை நாம் தொடர்வோம் என்று உறுதி எடுப்பதுதான் இரங்கல் கூட்டத்தின் முறை. எல்லோரும் எழுந்து நின்று எடுத்துக்கொள்வோம், உட்கார்ந்ததும் மறந்துவிடுவோம். எனக்கு அவ்வளவு பெரிய உறுதியெல்லாம் எடுக்கத் தைரியம் இல்லை. தீர்மானத்தைத் தோற்கடிப்பேன் என்று சொல்லமாட்டேன். தோற்றாலும் தோற்போம். அண்ணன் ஜெயிக்கவா போனார்? பத்துப் பேரும் அவுட்டாகி, புது ஆணி அடித்துத் தோற்றார். அப்படித் தோற்பதில் ஒரு வெட்கமும் இல்லை. இருக்கிற ஆளை வெளியே நிற்க வைத்துவிட்டுக் கை கொடுக்கப் போவதுதான் வெட்கம்.

ஒலிபெருக்கியின் கம்பி அவ்வளவு தூரம் வராது. அதனால் இங்கேயே வணக்கம் சொல்லிவிடுகிறேன். அண்ணியார் அவர்களே, மகளே, என் ஆழ்ந்த இரங்கல். துணைத்தலைவர் அவர்களே, தேநீர் ஆறினாலும் பரவாயில்லை, கொஞ்சம் பொறுங்கள். நான் இப்போது இறங்கிப் போய் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறேன்.  வெளியே நிற்கிறவர்களில் கடைசி ஆள் உள்ளே வந்து உட்காரும்வரை கைப்பிடியை விடமாட்டேன். அதற்குப் பிறகு எண்ணுங்கள்.

தம்பிகளா, பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்க.